போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை

துனிசியா என்ற பெயரை நான் கடைசியாக உரக்கச் சொன்னது பள்ளிக்கூடத்துப் பூகோள வகுப்பில்தான் இருக்கும். ஆப்பிரிக்காவின் வடகரையில், அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நாடு. 1881 முதல் பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்து, 1956 மார்ச் 20ஆம் தேதி விடுதலை பெற்றது. அதே ஆண்டு மே 28ஆம் தேதிதான் நம் புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்தானது. இந்த இரண்டு மாதக் கிட்டத்தைத் தவிர துனிசியாவுக்கும் எனக்கும் வேறு ஒட்டுறவு கிடையாது. எங்கள் தெருச் சொல்தா தாத்தாக்கள் வாயிலிருந்து சைகோன், அல்ஜீரியா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். துனிசியா வந்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் அடிபடுகிறது. காரணம், பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பேத்தி. அவளுக்கு 16 வயது. ‘குரோஷே துனிசியேன்’ என்று ஒரு பின்னல் வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 74 வயதில் நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அது எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு மொழி நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் என்னைப் படிக்க வைத்தது பிரெஞ்சுப் பள்ளியில். ஆகவே நான் பிரெஞ்சு படித்த இந்தியக் குமாஸ்தாவாகி, யு.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். பழைய பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளைப் பார்த்து ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிக் கொடுப்பது பல வருஷம் என் மேஜை வேலை.

என் மனைவி தமிழில் எட்டாவது வரை படித்தவள். பிரெஞ்சு தெரியாது. மகன் ‘நாசியோனலித்தே’ உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டான். மருமகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பேத்திக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை: ஆயா, தாத்தா, சாப்டியா, போதும். யாரையும் குறை சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. பிள்ளைகள் எந்தத் தெருவில் விளையாடுகின்றனவோ அந்தத் தெருவின் பாஷைதான் வரும்.

ஆக, அலுவலகத்தில் செய்த மொழிபெயர்ப்பு வேலை ஓய்வுக்குப் பிறகும் எனக்கு வீட்டில் தொடர்ந்தது. ஞாயிறு மாலை ஏழரை மணிக்குப் போன் வரும். அங்கே குளிர்காலத்தில் அப்போது மதியம் மூன்று மணி. ‘சா வா?’ என்பாள் பேத்தி. ‘சா வா’ என்பேன் நான். “என்னங்க இது, எப்பப் பார்த்தாலும் சாவு சாவுன்னு” என்பாள் மனைவி. பிறகு ஆயா கேட்பதை நான் பிரெஞ்சில் சொல்லி, பேத்தி சொல்வதைத் தமிழில் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். நடுவில் ஆள் இருந்தால் பேச்சு நீளாது. மனு எழுதிக் கொடுக்கிறவர் மூலம் பேசுகிற மாதிரி, அவசியமானதை மட்டும்தான் பேசத் தோன்றும். சாப்பாடு ஆயிற்றா, பள்ளிக்கூடம் எப்படி, குளிர் எப்படி. வளர வளர அந்தப் பெண் போனுக்கு வருவதே குறைந்தது. பரீட்சை என்றாள், தலைவலி என்றாள். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். ஏழரை மணிக்குப் புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பேத்தி கையில் உல்லன் நூலும் ஒரு நீளக் கொக்கி ஊசியுமாகப் போனில் வந்தாள். பேசிக்கொண்டே பின்னினாள். பள்ளிக்கூடத்தில் தோழிகள் எல்லாரும் பின்னுகிறார்களாம். என்னவென்று கேட்டேன். சொல்லிக்கொண்டு போனவள், சாதாரண குரோஷேயில் போடுகிற ‘பிரீத்’ இதில் இல்லை, இது வேறு மாதிரி என்றாள்.

பக்கத்தில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். “பிரீதா? பிரீதுன்னா சொல்லுது பாப்பா?”

இதற்கு ஒரு பின்கதை உண்டு. என் மனைவி கல்யாணத்துக்கு முன் ஒரு கன்னியர் மடத்தில் கைவேலை கற்றவள். ரோமன் ரோலன் வீதியில் உள்ள குளூனி மடத்துப் பூவேலை இன்றும் பெயர் பெற்றது. இவள் கற்றது வேறொரு மடம், வேலை அதே மாதிரிதான். மேஜை விரிப்பு, தட்டு மூடி, தொட்டில் சட்டை என்று வெள்ளைப் பருத்தி நூலில் மயிரிழை மாதிரி பின்னுவாள். கற்றுக் கொடுத்த மதர் பிரெஞ்சுக்காரர். அவர் சொன்ன சொற்களையே இவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கண்ணிக்கு ‘மாயி’, சங்கிலிக்கு ‘சென்னெத்து’, உயரமான கண்ணிக்கு ‘பிரீது’, ஓரத்தில் வரும் சின்ன முடிச்சுக்கு ‘பிக்கோ’. ஐம்பது வருஷமாக இவள் இதையெல்லாம் தையல்காரிகளின் தமிழ் என்றே நினைத்திருக்கிறாள். நானும் ஐம்பது வருஷமாக அதே வீட்டில் இருந்துகொண்டு, அவை மாய், ஷெனேத், பிரீத், பிக்கோ என்கிற பிரெஞ்சுச் சொற்கள் என்று ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கைவேலைப் பேச்சு ஆண்களுக்குப் பின்னணிச் சத்தம்.

“ஆயாவுக்கு பிரீத் தெரியுமா?” என்று பேத்தி கேட்டாள். மனைவி எழுந்து போய், டிவி மேல் கிடந்த விரிப்பை எடுத்து வந்து காமிரா முன் நீட்டி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். “மாயி. சென்னெத்து. பிரீது. பிக்கோ.” அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மனைவி தீர்மானமாகச் சொன்னாள், பாப்பா பின்னுவதைத் தானும் பின்ன வேண்டும் என்று. அங்கேதான் சிக்கல் வந்தது. பேத்தி இடதுகைக்காரி. போனைத் தலைக்கு மேல் ஒரு தாங்கியில் நிறுத்தி, தன் கையை மேலிருந்து காட்டுவாள். இடது கை இடது பக்கமே தெரியும். ஊசி இடதிலிருந்து வலமாக ஓடும். ஐம்பது வருஷம் வலமிருந்து இடமாக ஓடிய கை அதைப் பார்த்துப் பின்னாது. பேத்தி சொல்வதை நான் தமிழாக்கிச் சொன்னாலும் நகரவில்லை. “மாய் ஆன் லேர்” என்று அவள் சொல்ல, “காற்றில் ஒரு கண்ணி போடணுமாம்” என்று நான் சொல்ல, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிரெஞ்சில் அதன் பொருள் அதுதான். காற்றில் போடும் கண்ணி என்றால் நம் சங்கிலிக் கண்ணி.

“வாயால சொன்னா எனக்கு ஏறாதுங்க. பாப்பா பேசறது உங்களுக்குப் புரியுது. ஊசி எனக்குப் புரியுது. நீங்க கேட்டுப் பின்னிக் காட்டுங்க, உங்க கையைப் பார்த்து நான் பிடிச்சுக்கறேன்.”

இப்படித்தான் நான் ஊசி பிடித்தேன்.

இந்தப் பின்னலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வீட்டில் கைவேலை தெரிந்தவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்கள். சாதாரண குரோஷேயில் ஊசியில் எப்போதும் ஒரு கண்ணிதான் மிஞ்சி நிற்கும். ஒவ்வொரு கண்ணியையும் அங்கங்கே முடித்துவிட்டு நகர வேண்டும். துனிசியப் பின்னலில் அப்படியில்லை. ஒரு வரிசை முழுவதுமான கண்ணிகளை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி. அதனால் ஊசி நீளமாக இருக்கும். கண்ணிகள் நழுவாமல் இருக்க வால்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, துணியைத் திருப்பாமல், வந்த வழியே ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போவதற்கு ‘அலே’, திரும்புவதற்கு ‘ரெத்தூர்’. பிரெஞ்சு ரயில் நிலையத்தில் போக வர டிக்கெட் கேட்பதும் இதே இரண்டு வார்த்தையில்தான்.

நேரு வீதிக் கடைகளில் இந்த நீள ஊசி கிடைக்கவில்லை. பேத்தியே வழி சொன்னாள். சாதாரண அலுமினியக் குரோஷே ஊசி ஒன்று, பிடி தடிக்காமல் கடைசி வரை ஒரே கனமாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, வாலில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் இருபது கண்ணி தாங்குமாம். ரப்பர் பேண்டுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. முப்பத்தைந்து வருஷக் கோப்பு வேலையின் பழக்கம், எதைக் கண்டாலும் எடுத்து வைப்பேன்.

முதல் பாடம் இருபது சங்கிலிக் கண்ணி. அடுத்து, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஊசியை நுழைத்து, நூலை மேலே சுற்றி, ஒரு கண்ணி இழுத்து ஊசியில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதும் ஏறியதும் போகும் வரிசை முடிந்தது. வரும் வரிசையில், முதலில் நூலைச் சுற்றி ஒரே ஒரு கண்ணி வழியாக இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணி வழியாக இழுக்க வேண்டும். கடைசியில் ஊசியில் ஒன்று மிஞ்சும்.

இந்த இடத்தில் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. கணக்குப் புத்தகம் எழுதியவனுக்கு இது புதிதே அல்ல. இருபது வரவு. பத்தொன்பது பற்று. மீதி ஒன்று. அந்த மீதி வீணாவதில்லை, அடுத்த வரிசையின் முதல் கண்ணி அதுதான். அதாவது ஆரம்ப இருப்பு. ஆகையால் அடுத்த வரிசையில் முதல் கம்பியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டும். கம்பி என்று நான் சொல்வது துணியின் முகத்தில் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் இழைகளை. ஜன்னல் கம்பி மாதிரியே இருக்கும். ஊசியை வலமிருந்து இடமாக அந்தக் கம்பிக்கு அடியில் நுழைத்து நூலை இழுப்பதுதான் எளிய துனிசியத் தையல். எத்தனை கம்பி என்று எந்த நேரமும் எண்ணிப் பார்க்கலாம். இருபதில் தொடங்கினால் இருபதே நிற்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் இடது ஓரத்துக் கடைசிக் கம்பிதான் விட்டுப்போயிருக்கும். அது ஓரத்தோடு ஒட்டி மறைந்து கிடக்கும். அங்கே மட்டும் முன்னிழை, பின்னிழை இரண்டையும் சேர்த்துக் குத்தினால் ஓரம் சடை பின்னிய மாதிரி ஒழுங்காக வரும்.

துணியைத் திருப்ப வேண்டியதே இல்லை என்பது இன்னொரு வசதி. முகம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். கண்புரை அறுவை ஆன எனக்கு அது பெரிய உதவி.

நாலைந்து வரிசை பின்னியதும் துணி கீழிருந்து மேலாகச் சுருண்டுகொண்டது, காய்ந்த வாழைமட்டை மாதிரி. இந்தப் பின்னலின் குணமே அதுதான் என்றாள் பேத்தி. மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஊசி பத்தாது, இன்னும் தடியா வாங்குங்க. சுத்தி ஓரம் கட்டினா படிஞ்சுடும்” என்றாள். இரண்டும் சரி. சாதாரண குரோஷேக்கு எடுப்பதைவிடத் தடித்த ஊசி எடுத்துத் தளரப் பின்ன வேண்டும் என்று அங்கேயும் சொல்கிறார்கள். பேத்தி சொல்ல வருவதற்கு முன்பே மனைவி சொல்லிவிட்டாள். நான் அதை பிரெஞ்சில் சொன்னபோது அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. “ஆயாவுக்கு எப்படித் தெரிந்தது?” என்றாள். அவள் தன் ஆயாவைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

பெயரை வைத்துக்கொண்டு யாரும் துனிசியாவுக்குக் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவில் இதையே ஆப்கன் தையல் என்கிறார்கள். அங்கே ஆப்கன் என்றால் பின்னிய கம்பளிப் போர்வை. ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழகிய வேலை இது. தெரேஸ் தெ தில்மோன் என்ற அம்மையார் 1886இல் பெண்களின் கைவேலைக்கென்று பெரிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்று எழுதினார். அதில் துனிசியக் குரோஷேயும் உண்டு. அந்த அம்மையார் டி.எம்.சி. நூல் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்தவர். டி.எம்.சி. என்றதும் மனைவிக்கு முகம் மலர்ந்தது. மடத்தில் பூவேலைக்கு அந்த நூல்தானாம். லச்சி பிரித்த பிறகு சுற்றியிருந்த காகிதத்தைக்கூட எடுத்து வைப்பார்களாம்.

கடற்கரையில் காலை நடை நண்பர்களுக்கு விஷயம் தெரிந்தபோது கேலிக்குக் குறைவில்லை. காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து ஒருவர், “அண்ணே, அடுத்தது கோலமா?” என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்: வைத்திக்குப்பத்தில் வலை முடைவது யார்? ஆண்பிள்ளைகள்தானே. அங்கேயும் கண்ணிதான், இங்கேயும் கண்ணிதான். கோலமும் போடுவேன், குனியத்தான் முடியவில்லை.

எளிய தையலுக்கு அடுத்தது ஸ்வெட்டர் பின்னல் போலத் தெரியும் தையல். இதில் கம்பிக்கு அடியில் குத்தாமல், முன்கம்பிக்கும் பின்கம்பிக்கும் நடுவில் ஊசியை நேராகப் பின்பக்கம் வரை செலுத்தி நூலை இழுக்க வேண்டும். முன்புறம் கைப்பின்னல் ஸ்வெட்டரேதான், பின்புறம் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடும். துணி நல்ல கனமாக வரும், நூலும் நிறையத் தின்னும். நம் ஊர் வெயிலுக்கு இதைப் போட்டுக்கொள்வது தண்டனை. நான் செய்தது அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. உல்லன் நூலில் பின்ன ஆரம்பித்தவனை மனைவி நிறுத்தினாள். கடையில் விற்கும் உல்லன் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். சூடு பட்டால் உருகிக் கையில் ஒட்டும். அடுப்பங்கரைக்குப் பருத்தி நூல்தான். முடிக்கும்போது கடைசி வரிசையில், ஒவ்வொரு கம்பியிலும் இழுக்கும் கண்ணியை ஊசியில் ஏற்றாமல் அப்போதைக்கப்போது இருக்கும் கண்ணி வழியாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஓரம் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டையாக நிற்கும்.

என் கையைப் பார்த்து மனைவி மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னியதையும் நான் பின்னியதையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று அச்சு, ஒன்று கையெழுத்து. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஆனாலும் ஒவ்வொரு புதுத் தையலுக்கும் பேத்தி எனக்குச் சொல்லி, நான் பின்னி, பிறகு மனைவி பார்த்து என்று மூன்று கை மாற வேண்டியிருந்தது. தை மாதம் ஒரு ஞாயிறு, பாப்பா புதிதாக ஏதோ பூத்தையல் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது ஓடவே இல்லை. மனைவி பொறுமை இழந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பீரோ கதவில் ஆள் உயரக் கண்ணாடி உண்டு. அதன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க வாங்க. போன் மூஞ்சியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, என் தோளுக்கு மேல பிடிங்க.”

பிடித்தேன். கண்ணாடிக்குள் இருந்த பேத்தி வலதுகைக்காரியாக மாறி இருந்தாள். ஊசி வலமிருந்து இடமாக ஓடியது. மனைவியின் கை அதன் கூடவே ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல். போனின் காமிராவும் கண்ணாடியைத்தானே பார்க்கிறது. அதனால் பாரிசில் அவள் பார்த்த ஆயா இடதுகைக்காரி. “தாத்தா, ஆயா என்னை மாதிரியே பின்னுகிறாள்!” என்றாள் பிரெஞ்சில். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். “சும்மா இருங்க, கை ஆடுது” என்றாள் மனைவி.

இப்போது ஏழரைக்கு ஆரம்பித்தால் எட்டே காலுக்கு முன் முடிவதில்லை. எட்டு அங்குலச் சதுரங்களாகப் பின்னி ஒரு போர்வை செய்வது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். சதுரங்கள் அவள் பொறுப்பு, சுற்றி பிக்கோ வைத்து ஓரம் கட்டுவது ஆயா பொறுப்பு. ஜூலை விடுமுறைக்கு வரும்போது நாற்பதையும் பெட்டியில் கொண்டு வருகிறாளாம். இதுவரை இருபத்தாறு ஆகியிருக்கிறது. பச்சையா நீலமா என்று நிறத்தில் மட்டும் தகராறு நடக்கிறது, அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் எனக்குத் தோள்பட்டை வலி. தாங்கி ஒன்று வாங்கிப் போனை மாட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன ஞாயிறு மனைவி கண்ணாடியைப் பார்த்து, “பாப்பா, ரெத்தூர்ல ரெண்டு மாயி விட்டுட்ட பாரு” என்றாள்.

“எங்க ஆயா?” என்றாள் பேத்தி.